பெரியக்காவின் நம்பர் வேண்டும்

திரொம்சோ, நோர்வே
ஜனவரி 19

அன்புள்ள சாந்தி,

நவம்பரில் இருந்து நீ அனுப்பிய மூன்று குரல் செய்திகளையும் நேற்றுத்தான் கேட்டேன். மூன்றாவதில் "எடியே, இருக்கிறியோ செத்திட்டியோ" என்று ஏசுகிறாய். அழுதுவிட்டு அதையே திரும்பவும் கேட்டேன். மன்னித்துக்கொள். அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். மிளகாய்த்தூளும் வந்து சேர்ந்தது, இந்த முறையும் உறைப்புக் காணாது.

சரி, ஏன் பேசாமல் இருந்தேன் என்று சொல்கிறேன்.

இங்கே நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரி நடுப்பகுதி வரை அடிவானத்துக்கு மேலே வராது. மலை மறைப்பதால் ஊருக்குள் தெரிய 21ஆம் திகதி ஆகிவிடும். மத்தியானத்தில் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு மங்கல், அவ்வளவுதான். வந்த வருடம் அந்த நீலத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேனே, இந்த முறை திரைச்சீலையை விலக்கவே மனம் வரவில்லை. பதினொரு மணி நேரம் படுத்தாலும் களைப்பு. பாணும் சீனியுமாகத் தின்றுகொண்டே இருந்தேன். ஒருநாள் மகள் தான் கீறிய படத்தைக் கொண்டுவந்து காட்ட, பார்க்காமலே மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அன்றைக்குத்தான் இவர் டொக்டரிடம் கூட்டிப் போனார்.

"வீடு, வேலை, பிள்ளை எல்லாம் இருக்க உனக்கு என்ன குறை?" என்று நீ கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. குறை வெளிச்சம்தான், சாந்தி. சோம்பல் என்று என்னை நானே ஏசிக்கொண்டிருந்தது ஒரு வருத்தமாம். பருவகால மனச்சோர்வு. 1984இல் நோர்மன் ரோசெந்தால் என்ற மருத்துவரும் கூட வேலை செய்தவர்களும் இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவர் தென்னாப்பிரிக்காக்காரர். நியூயோர்க் வந்த பிறகு குளிர்காலத்தில் தானும் சோர்ந்து போனவராம். வெயில் ஊரில் வளர்ந்த இன்னொருவருக்கும் இப்படி நடந்திருக்கிறது என்று வாசித்தபோது நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியது.

டொக்டர் சொன்னபடி ஒரு விளக்கு வாங்கினோம். 10,000 லக்ஸ் வெளிச்சம், லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு. குசினி விளக்கில் சில நூறுதான் வரும். காலையில் எழும்பியதும் அரை மணி நேரம் அதன் முன்னால் இருக்க வேண்டும். உற்றுப் பார்க்கத் தேவையில்லை, ஆனால் கண் திறந்திருக்க வேண்டும். கண்ணுக்குள் போகிற வெளிச்சம்தான் மூளையில் உள்ள மணிக்கூட்டுக்கு விடிந்துவிட்டது என்று சொல்கிறதாம். பின்னேரம் போட்டால் நித்திரை கெடும். இங்குள்ளவர்களைப் போல மீனெண்ணெயும் குடிக்கிறேன், விற்றமின் டிக்காக. ஆனால் என்னை எழுப்பியது விளக்குத்தான். பத்து நாள் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஒரு காலை யாரும் சொல்லாமலே எழும்பித் தலை இழுத்தேன். அதைப் பார்த்து இவர் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

நாளை மறுநாள் சூரிய நாள், ஊருக்குள் சூரியன் திரும்பவும் தெரிகிற நாள். மகளின் பள்ளிக்கூடத்தில் பன் கொடுப்பார்கள். எல்லாரும் வெளியே போய் நிற்போம்.

இன்னொன்று. உன் பெரியக்கா ரொறொன்ரோ போன முதல் மார்கழியில் ஒருவருடனும் கதைக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? கனடாப் பெருமை என்று நீயும் நானும் கிணற்றடியில் இருந்து சொன்னோம். அந்த வாயை இப்போது அடிக்க வேண்டும் போல இருக்கிறது. அக்காவுக்கு இன்னும் மார்கழி வந்தால் அப்படித்தானா? நம்பரை அனுப்பு, இந்தக் கிழமையே நான் எடுக்கிறேன்.

உன்
வசந்தி