உமர்தம்பியின் செயலிகளைத் தேடிச் சேர்த்து வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூலை 12 நெருங்கும்போதெல்லாம் அதிராம்பட்டினத்தில் பிறந்த ஒருவரைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் நாலு வரியாவது வராதா என்று எதிர்பார்ப்பேன். தமிழை இணையத்தில் தடையின்றிப் படிக்கவும் எழுதவும் வழி செய்தவர்களில் ஒருவரான உமர்தம்பி, 2006-ஆம் ஆண்டு அந்த நாளில்தான் காலமானார். 1953 ஜூன் 15 அன்று பிறந்த அவருக்கு அப்போது வயது 53. கணித்தமிழ், அதாவது கணினித் தமிழ், மேடைகளில் அவர் பெயர் அவ்வப்போது சொல்லப்படுகிறது. ஆனால் அவர் என்ன செய்தார் என்று கைப்பேசியில் தமிழ்ச் செய்தி படிக்கும் ஓர் இளைஞரைக் கேட்டால் விடை கிடைப்பது அரிது. இளைஞர்கள் மீது குறையில்லை. எந்த இடர் நீங்குவதற்காக அவர் உழைத்தாரோ, அந்த இடரையே அவர்கள் பார்த்ததில்லை.

அந்த இடர் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். உலக மொழிகளுக்குப் பொதுவான கணினி எழுத்துக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும், அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நம் எழுத்து வெவ்வேறு குறியீட்டு முறைகளில் சிதறிக் கிடந்தது. திஸ்கி ஒரு பக்கம், தாம், தாப் ஒரு பக்கம், ஈழத்தவர் பலரும் பயன்படுத்திய பாமினி ஒரு பக்கம் என்றிருக்க, செய்தித்தாள்களின் இணையதளங்களோ ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. ஒன்றில் தட்டச்சு செய்ததை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். நான் தமிழாசிரியராகப் பணியாற்றிய பள்ளியில் ஆண்டுமலருக்காக மாணவர்கள் தட்டச்சு செய்து தந்த கட்டுரைகள் அச்சகத்துக்குப் போனதும் ஒரு வரிகூடப் படிக்க முடியாதபடி மாறிவிட்டன. முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்துதான் மலரை வெளியிட்டோம். விண்டோஸ் 2000-இல் தமிழ் ஒருங்குறி வசதி வந்துவிட்டது, ஆனால் பிரவுசிங் சென்டர்களில் அதற்குப் பின்னும் விண்டோஸ் 98 கணினிகளே ஓடிக்கொண்டிருந்தன. விண்டோஸ் எக்ஸ்பி இருந்த இடங்களிலும் குறுவட்டைப் போட்டு, இந்திய மொழிகளுக்கான வசதியைத் தனியே நிறுவினால்தான் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும். இல்லையேல் கட்டங்களையோ, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் கொம்பையோதான் பார்க்க வேண்டும்.

இந்த நிலையில் வந்ததுதான் உமர்தம்பி உருவாக்கிய 'தேனீ' இயங்கு எழுத்துரு. அதுவரை, விருந்துக்கு வருகிறவர் தமக்கான இலையைத் தாமே கொண்டுவர வேண்டும் என்பதுபோல, தமிழ்ப் பக்கத்தைப் படிக்க வருகிறவர் அதற்குரிய எழுத்துருவைத் தம் கணினியில் முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டியிருந்தது. இயங்கு எழுத்துரு அந்தப் பொறுப்பைப் பக்கத்தை வெளியிடுகிறவரிடம் மாற்றியது. எழுத்துருக் கோப்பு இணையதளத்தின் வழங்கியிலேயே (சர்வர்) இருக்கும். படிப்பவர் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பக்கத்தைத் திறந்ததும் அதுவும் உடன் இறங்கித் தமிழைக் காட்டும். கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. சொந்தக் கணினி இல்லாமல், பிறருடைய கணினியில் எதையும் நிறுவும் உரிமையும் இல்லாமல், மணிக்கணக்கில் காசு கொடுத்து இணையம் பார்த்த வாசகருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களே அறிவார்கள். வேறு உலாவிகளில் இந்த முறை வேலை செய்யாது என்பது உண்மைதான். ஆயினும் அன்று பெரும்பாலோர் கையில் இருந்தது அந்த ஓர் உலாவியே.

எழுத்துருவோடு அவர் நின்றுவிடவில்லை. பழைய குறியீடுகளில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றும் செயலி, ஒலிப்பு முறையில் தமிழைத் தட்டச்சு செய்ய உதவும் செயலி, வலைப்பதிவர்கள் தம் புதிய பதிவுகளை வாசகருக்கு உடனுக்குடன் அறிவிக்க உதவும் செய்தியோடை (ஆர்எஸ்எஸ்) உருவாக்கி என்று ஒருவருக்கு எங்கே இடறுகிறதோ அங்கே ஒரு சிறு செயலியை எழுதித் தந்தார். எல்லாவற்றையும் இலவசமாகவே தந்தார். தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் பூட்டுச் சாவியோடு விலைக்கு விற்கப்பட்ட காலம் அது. வளைகுடாவில் பிழைப்புக்காக உழைத்த அவருக்குத் தமிழ்க் கணிமை சம்பளம் தந்த வேலையன்று. அவரை நான் நேரில் கண்டதில்லை. அவர் மறைந்தபோது வலைப்பதிவர்கள் எழுதிய அஞ்சலிகளைப் படித்த பிறகுதான், கேட்டவர்க்கெல்லாம், அவர் கணினிக்குப் புதியவரே ஆனாலும், பொறுமையாக விளக்கிய அந்த மனிதரின் இயல்பு எனக்குத் தெரிய வந்தது. செயலியை எழுதும் திறமை பலருக்கு உண்டு. தெரியாதவரின் தடுமாற்றத்தைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளும் மனம் அரிது. அவருடைய செயலிகளை விடவும் அந்த மனத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

இன்று எழுத்துருவைத் தேடி எவரும் அலைவதில்லை. ஒருங்குறி எங்கும் பரவி, தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்று அறிவித்தது. அதனால் தேனீ போன்ற இயங்கு எழுத்துருக்களின் தேவை தீர்ந்தது. அவற்றைத் திறக்கக்கூடிய உலாவியும் வழக்கொழிந்தது. அவருடைய செயலிகள் இருந்த இணையப் பக்கங்களில் பலவும் இன்று கிடைக்கவில்லை. கணியன் என்னும் தமிழ் மென்பொருளைத் தந்த சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி 1999-இல் மறைந்தார். சென்னையில் தமிழ் மென்பொருளுக்காக உழைத்த மா. ஆண்டோ பீட்டர் 2012-இல், நாற்பதுகளிலேயே மறைந்தார். இவர்கள் ஒவ்வொருவரும் விட்டுச்சென்ற வேலை, அதைப் பயன்படுத்தியவர்களின் பழைய கணினிகளிலும் குறுவட்டுகளிலும் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். அவையும் பழுதாகிக்கொண்டே இருக்கின்றன.

எனவே தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கிப் பொதுமக்களுக்குத் தருகிறது. அதே நிறுவனம், தொடக்ககாலத் தமிழ்ச் செயலிகளையும் எழுத்துருக்களையும் தேடிப்பெற்று, இன்றைய கணினியிலும் இயக்கிப் பார்க்கத்தக்க வடிவில் காப்பகம் ஒன்றை அமைக்க வேண்டும். உமர்தம்பியின் குடும்பத்தாருடைய இசைவோடு அதிராம்பட்டினத்திலிருந்தே அந்தப் பணியைத் தொடங்கலாம். கோப்புகள் மட்டும் போதா. அவற்றைப் பயன்படுத்தியவர்களும் அவரிடம் நேரடியாக உதவி பெற்றவர்களும் தமிழகம், ஈழம், வளைகுடா, ஐரோப்பா என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர்களின் நினைவுகளும் இப்போதே எழுதி வாங்கப்பட வேண்டும். தங்கள் இணையதளத்தின் பழைய பக்கங்களில் எவையேனும் தனி எழுத்துருவில் இருப்பின் அவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றி வாசகர்களுக்குத் திறந்து வைக்குமாறும், வரும் ஜூலை 12 அன்று உமர்தம்பியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டு, அவருடைய செயலிகளின் படி எவரிடமாவது இருந்தால் தெரிவிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுமாறும் பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பட்டுக்கோட்டை.