கரையேற்றும் முன்பே அளவெடுக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதற்குள் விசைப்படகு மராமத்து முடிவதில்லை, படகு பழுதுபார்க்கும் யார்டில் இழுத்தடிக்கிறார்கள் என்ற பேச்சு ஆண்டுதோறும் எழுகிறது. பழி முழுவதும் ஆசாரிமார் தலையில் விழுகிறது. ஆனால் படகைக் கரையேற்றிய பிறகுதான் என்ஜினைப் பிரிக்கிறோம், பிரித்த பிறகுதான் பாகம் தேடி அலைகிறோம். நாள் கரைவது பெரும்பாலும் அந்த அலைச்சலில்தான்.

லாரி என்ஜினைக் கடலுக்கேற்ப மாற்றிப் பொருத்திய பழைய படகுகளுக்கு லைனர், பிஸ்டன், ரிங், கேஸ்கட் ஆகியவை பெரும்பாலும் லாரி ஸ்பேர் கடையிலேயே கிடைத்துவிடும். கிடைக்காமல் கழுத்தறுப்பவை கடல்நீர் பம்பு, என்ஜின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, ரிவர்ஸ் கியர் பாகங்கள். இவற்றை மார்ச் மாதத்தில், படகு தொழிலுக்குப் போய்வரும்போதே பார்த்துவிடலாம். பம்பின் மூடியைக் கழற்றி தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் வெளிவிட்டம், அகலம், துளை, இதழ் எண்ணிக்கை நான்கையும் குறித்துக்கொண்டால் எந்த ஊர்க் கடையிலும் கேட்கலாம். என்ஜின் கம்பெனி மூடப்பட்டிருந்தாலும் பேரிங்குக்குக் கவலை இல்லை. அதன்மேல் பொறித்த எண் போதும்: 6308 என்றால் எந்த பிராண்டிலும் உள்விட்டம் 40, வெளிவிட்டம் 90, அகலம் 23 மி.மீ.தான். ஆயில் சீலிலும் இந்த மூன்று அளவுகள் அச்சாகியிருக்கும். கிராங்க் பேரிங் மட்டும் வேறு கணக்கு; கிராங்கைச் சாணை பிடித்து விட்டம் குறைந்திருந்தால் அதற்கேற்ற அளவு பேரிங்தான் பொருந்தும். ஏற்கெனவே 0.25 மி.மீ. சாணை பிடித்த கிராங்குக்கு ஸ்டாண்டர்டு பேரிங் வாங்கி வந்து, திருப்பிக் கொடுக்க ஒரு நடை, மாற்றி வாங்க இன்னொரு நடை! மைக்ரோமீட்டரில் அளக்காமல் பணம் கட்டக் கூடாது.

புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான சாப்டின் நிலையும் புரொப்பல்லரின் நிலையும் கரையேற்றினால்தான் தெரியும். எனவே முதல் நாள் வேலை அதுவாகவே இருக்கட்டும். சாப்டை மேலும் கீழும் அசைத்து, அது படகின் பின்புறம் வெளியேறும் குழாயான ஸ்டெர்ன் டியூப்பின் புஷ்ஷில் எவ்வளவு ஆட்டம் என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். 1.5 மி.மீ. தாண்டினால் புஷ் மாற்றாமல் தண்ணீர் கசியாமல் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங்கை மட்டும் இறுக்குவது வீண்; சாப்டுதான் தேயும். பழைய படகுகளில் புரொப்பல்லர் உட்காரும் சாப்டு முனைச் சரிவு 1:12 ஆகவும் இருக்கும், 1:16 ஆகவும் இருக்கும். விட்டத்தையும் பிட்ச்சையும் (இதழ்ச் சாய்வின் அளவு) மட்டும் சொல்லிப் புரொப்பல்லர் வாங்கினால், ஒரு முனையில் மட்டும் கவ்வி உட்காரும். நடுக்கடலில், புரொப்பல்லரைச் சாப்டோடு பூட்டும் சாவி (கீ) அறுந்துபோகும். சாப்டு முனையில் நீலச்சாயம் தடவிப் புரொப்பல்லரை உட்கார வைத்து, முக்கால் பங்காவது ஒட்டுகிறதா என்று லேத் பட்டறையிலேயே பார்த்துவிட வேண்டும்.

மரப்படகுக்குத் தாமதமே ஒரு சேதம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மே மாத வெயிலில் பத்து நாள் கூடுதலாக நின்றால் பலகை சுருங்கி இடுக்கு விரியும். அந்த இடுக்கில் பஞ்சுத்திரியை அடைத்துத் திணித்துக் கலப்பத்து (இடுக்கு அடைப்பு) பார்த்தால், தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊதி, படகின் விலா மரமான வங்கில் அடித்த ஆணியையே தள்ளிவிடும். ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள், அளவாக அடையுங்கள், இறக்கிய பிறகு ஓரிரு நாள் பம்புடன் ஆள் இருக்கட்டும். புதுப் பலகைக்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு உலர்த்துவது பழைய கணக்கு. ஏப்ரலில் அறுத்த பச்சை மரத்தை மே மாதம் பதித்து, அதன்மேல் ஃபைபர் பூசினால் ஒட்டாது. உள்ளே ஈரம் நின்று மரம் உளுத்துப்போகும்.

பாகம் கிடைக்கவில்லை என்று என்ஜினையே மாற்றத் துணிவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழக விதிகளில் 240 குதிரைத்திறன் வரம்பு உண்டு. மாற்றிய என்ஜினைப் பதிவுச் சான்றில் திருத்தாவிட்டால் மீன்வளத் துறை ஆய்வில் சிக்கல் வரும்.

படகுச் சங்கங்களிடமும் யார்டுகளிடமும் ஒரு வேண்டுகோள். படகைக் கரையேற்றும் சரிவுத்தளமான சிலிப்வேயில் முன்பணம் கட்டிய வரிசையில் இடம் தராமல், பலகையும் ஆணியும் பாகமும் கையிருப்பில் இருப்பதாகப் பட்டியல் காட்டுபவரின் படகை முதலில் ஏற்றுங்கள். பாகத்துக்குக் காத்துக் கிடக்கும் ஒரு படகு, பின்னால் நிற்கும் நான்கு படகுகளின் இடத்தையும் சேர்த்து அடைக்கிறது.

— படகு என்ஜின் மெக்கானிக்குகள் சிலர்,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்