இருட்டிய பிறகு ஏற்றுவோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிரையும் கடைசி பஸ்ஸையும் காரணம் காட்டி, நீலகிரியில் சில கத்தோலிக்க ஆலயங்களில் பாஸ்கா திருவிழிப்பை (ஈஸ்டருக்கு முந்தைய சனி இரவு வழிபாட்டை) மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள். ஏப்ரலில் இங்கே சூரியன் மறையவே 6.30 ஆகிறது. நன்றாக இருட்டிய பின் தொடங்கி, ஞாயிறு விடியுமுன் முடிக்க வேண்டும் என்பது திருவழிபாட்டு விதி. வெளிச்சத்தில் ஏற்றும் பாஸ்கா திரி, அதாவது உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் பெரிய மெழுகுவர்த்தி, எதைச் சொல்லும்? கல்லறை இருளை வென்று கிறிஸ்து உயிர்த்தார் என்பதுதானே நம் விசுவாசம்! அவர் உயிர்க்கவில்லை என்றால் நம்பிக்கையே வீண் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 15).

அந்தத் திரியை ஏற்ற ஆலயத்துக்கு வெளியே மூட்டும் புதுத்தீக்கு ஈரமான சீகை விறகை அடுக்கினால் புகைதான் வரும். ஒரு வாரம் முன்பே கூரைக்குள் உலர்த்துங்கள். பாஸ்கா திரியில் சிலுவை, அகர னகரம் (முதலும் முடிவும் கிறிஸ்துவே என்பதன் அடையாளம்), நடப்பு ஆண்டின் நான்கு இலக்கங்கள், ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள் வேண்டும். மக்கள் ஏந்தும் மெழுகுவர்த்திக்குக் காகிதக் குவளை மாட்டினால் மலைக்காற்றில் அணையாது. பாஸ்கா திரியைப் பவனியாக ஏந்தி வருபவர் மூன்றாம் முறை 'கிறிஸ்துவின் ஒளி' பாடும்வரை மின்விளக்கைப் போடவே வேண்டாம்.

நேரம் போதவில்லையா? பழைய ஏற்பாட்டின் ஏழு வாசகங்களை மூன்றாகக் குறைக்கலாம். செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயண நூலின் 14-ஆம் அதிகார வாசகத்தை மட்டும் விடக்கூடாது.

- ஒரு வாசகர், குன்னூர்