பெண் பார்க்கும் நாளில் பெண்ணும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படித்து வேலைக்குப் போகும் பெண்களுக்கு எதிர்பார்ப்பு கூடிவிட்டதால்தான் முப்பது வயதைக் கடந்தும் வரன் அமையாமல் பெற்றோர் தவிக்கின்றனர் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். காட்பாடியில் பெற்றோருடன் வசித்து, அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியராகப் பணிபுரியும், வருகிற தை மாதம் 34 வயது நிறையவிருக்கும் பெண் என்ற முறையில் அதற்கு மறுமொழி எழுதுவது என் கடமையெனக் கருதுகிறேன். எதிர்பார்ப்பு எனக்கு உண்டு. ஆனால் அது என்னவென்று, கடந்த ஆறு ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கு வந்து சென்றவர்களில் ஒரே ஒருவரைத் தவிர, யாரும் என்னிடம் கேட்டதில்லை.

தரகரிடம் கொடுக்கும் பயோடேட்டாவில் நட்சத்திரம், ராசி, லக்னம், உயரம், நிறம், சம்பளம், சொந்த வீடா வாடகை வீடா, உடன்பிறந்தோர் எத்தனை பேர், அவர்களுக்குத் திருமணம் ஆயிற்றா என்பது வரை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அந்தப் பெண் எப்படிப்பட்டவரோடு வாழ விரும்புகிறாள் என்பதற்கு "நல்ல வேலையில் உள்ள மணமகன் தேவை" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. என் பயோடேட்டாவில் அந்த வரியையும் அப்பாதான் எழுதினார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்குத் தெரிந்த முறை அதுதான்.

இராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தில், மாப்பிள்ளையின் தாயார் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே, "சம்பளத்தை இப்போது யார் கையில் கொடுக்கிறாய்?" என்று கேட்டார். வீட்டுக் கடனுக்கான மாதத் தவணையை நானே கட்டுகிறேன், மீதியை நானே வைத்துக்கொள்கிறேன் என்று பணிவாகவே சொன்னேன். அதன்பின் எத்தனை சவரன் போடுவீர்கள் என்ற பேச்சு வந்தது. வரதட்சணையைக் கேட்பதும் கொடுப்பதும் 1961 முதல் சட்டப்படி குற்றம் என்று வகுப்பறையில் சொல்லித் தரும் நான், என் வீட்டுக் கூடத்தில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்பதால் எழுந்து உள்ளே போனேன். அன்று அவர்கள் கை நனைக்காமலே புறப்பட்டனர்.

ஆரணியிலிருந்து வந்த மற்றொரு வரனை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கல்யாண மண்டபத்துத் தூண்களின் அருகே நானும் அவரும் கால் மணி நேரம் தனியே பேச இரு வீட்டாரும் இசைந்தனர். அவர் மென்மையாகப் பேசினார், எனக்குப் பிடித்திருந்தது. பொது மாறுதல் கலந்தாய்வில் எனக்கு வேறு மாவட்டம் வந்துவிட்டால் நாம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். மூன்றாம் நாள் அவருடைய மாமா என் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, முதல் நாளே பெண் இவ்வளவு கேள்வி கேட்கிறாளே என்று வருத்தப்பட்டார். நான் கேட்டது ஒரே கேள்வி. அதற்கு விடை எதுவாக இருந்திருந்தாலும் அவரோடு உட்கார்ந்து மேற்கொண்டு பேச ஆயத்தமாகவே இருந்தேன்.

என்னைக் கேட்ட அந்த ஒருவர் குடியாத்தத்தைச் சேர்ந்தவர். எனக்குக் கோபம் வந்தால் எப்படி இருப்பேன், ஓய்வு நாளில் என்ன செய்யப் பிடிக்கும், வயதான பெற்றோரைப் பிற்காலத்தில் யார் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் விசாரித்தார். நான் திரும்பக் கேட்டவற்றுக்குத் தயங்காமல் விடை சொன்னார். இரு வீட்டாருக்கும் தெரிந்தே மூன்று முறை பேசினோம். பிறகு, இரண்டாவதாகப் பார்த்த ஜோதிடர் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை என்று சொல்லிவிட்டதாகவும், தாயாரின் மனத்தை மீறத் தம்மால் முடியவில்லை என்றும் தெரிவித்தார். அந்த வாரம் முழுவதும் நான் அழுதேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும், தாம் விரும்பிய ஒன்றுக்காகத் தம் வீட்டாரிடம் ஒரு முறைகூட வாதாடாத ஒருவர், நாளை எனக்காக எப்படிப் பேசியிருப்பார் என்ற எண்ணம் வந்த பிறகுதான் மனம் தெளிந்தது.

ஜாதகத்தில் பார்க்கும் பொருத்தங்கள் பத்து. தமிழாசிரியர் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் தலைவன் தலைவியரிடையே இருக்க வேண்டிய ஒப்புகள் பத்து என்றே கூறுகிறது. பிறப்பும் குடிமையும் அவற்றில் இடம்பெறுவது உண்மைதான். ஆனால் நிறையும் அருளும் உணர்வும் அதே வரிசையில் நிற்கின்றன. அடுத்த நூற்பா இருவரிடமும் இருக்கக் கூடாதவற்றைச் சொல்கிறது. பொறாமை, கொடுமை, தன்னைத்தானே வியத்தல், வன்சொல், சோம்பல் ஆகியவற்றோடு "குடிமை இன்புறல்", அதாவது தன் குலப்பெருமையை எண்ணி மகிழ்தல், அங்கே குற்றமாக எண்ணப்படுகிறது. இவற்றை ஜாதகக் கட்டத்தில் பார்க்க முடியாது. எதிரெதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல், ஒன்றுக்கு இரண்டு முறை பேசித்தான் அறிய முடியும்.

என் அத்தை ஆண்டுதோறும் என்னை வள்ளிமலைக்கு அழைத்துச் செல்கிறார். படியேறி முடித்ததும், சீக்கிரம் ஒரு நல்லவன் கையில் பிடித்துக் கொடு என்று கண்ணை மூடி வேண்டிக்கொள்வார். அந்த மலையில் தினைப்புனம் காத்துத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தவள் வள்ளி என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவராகவும் உருமாறி அவளிடம் வர வேண்டியிருந்தது முருகனுக்குத்தான். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அவள் சாமிடி" என்றார். சாமிக்குப் பொருந்துவது தமையன் மகளுக்குப் பொருந்தாதா என்று கேட்டேன். அத்தை மறுத்துப் பேசவில்லை.

பெண் நிபந்தனை விதித்து மணப்பது இந்த நாட்டில் நேற்று வந்ததன்று. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று கேட்டு, அதற்கு இசைந்த சுந்தர ரெட்டியை 1914இல் மணந்தார். நான் கேட்பது அதைவிடப் பெரிதன்று. சமையலைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்தவராக, கருத்து வேறுபட்டால் குரலை உயர்த்தாமல் பேசக்கூடியவராக, என் வேலையை "பொழுதுபோக்கு" என்று நினைக்காதவராக இருக்க வேண்டும். அவருடைய சம்பளம் என்னுடையதைவிடக் குறைவாக இருந்தாலும் எனக்குத் தடையில்லை. தனியாக இருப்பது எனக்குக் குறையாகவோ அச்சமாகவோ இல்லை. துணையோடு வாழ வேண்டும் என்பது என் விருப்பம், அதனால்தான் தேடுகிறேன். இதற்குத் "திமிர்" என்று பெயர் வைப்பவர்கள், இதே பட்டியலை ஓர் ஆண் சொன்னால் அவனை விவரமான பிள்ளை என்கிறார்கள்.

பெற்றோருக்கும் தரகர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: ஜாதகம் பார்ப்பதற்கும் நகைப் பேச்சு எடுப்பதற்கும் முன்பாக, ஆணும் பெண்ணும் இருமுறையேனும் மனம்விட்டுப் பேச வாய்ப்புக் கொடுங்கள். பிடிக்கவில்லை என்று பெண் சொன்னால் காரணம் கேளுங்கள், "இதற்காகவா?" என்று கேட்காதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டிலிருந்து ஒரு குடும்பத்தினர் எங்கள் வீட்டுக்கு வருகின்றனர். பெண் மாப்பிள்ளையோடு ஒரு மணி நேரம் பேச விரும்புகிறாள் என்று அப்பா இந்த முறை தாமாகவே அவர்களுக்கு முன்கூட்டித் தெரிவித்திருக்கிறார். அவர்களும் சரியென்று சொல்லியிருக்கின்றனர்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத தமிழாசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.