தனுஷ்கோடி சர்ச்சுக்கு சிமெண்ட் பூசிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனுஷ்கோடில இடிஞ்சு நிக்கிற பழைய சர்ச் போட்டோ பேப்பர்ல அப்பப்ப வருது, கூடவே 'பேய் நகரம்'னு ஒரு தலைப்பும் வந்துருது. இன்னைக்கும் அங்க மீனவ குடும்பங்க இருக்கு, பிள்ளைங்க படிக்க ஸ்கூல் இருக்கு, காலையில போனா கரைவலை இழுக்குறத பாக்கலாம், அப்புறம் என்ன பேய் நகரம்? சரி அத விடுங்க, எழுத வந்தது சர்ச் பத்தி, அத காப்பாத்துறேன்னு யாரும் சிமெண்ட் பூசிடக் கூடாதுன்னு சொல்லத்தான்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல ரயில்வே ஸ்டேஷன் போச்சு, போஸ்ட் ஆபீஸ் போச்சு, பாம்பன்ல இருந்து வந்துட்டு இருந்த 653ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில ஆளுங்களோட கடல் கொண்டு போயிருச்சு. அதுக்கப்புறம் இது மனுசங்க வாழ லாயக்கில்லாத ஊருன்னு கவர்மெண்ட்டே சொல்லிருச்சு. சர்ச்ல கூரை இல்லாம போனாலும் சுவர் பாதிக்கு மேல நின்னுச்சு. ரொம்ப வருசம் முகுந்தராயர் சத்திரத்துல இருந்து மணல்ல ஜீப்பும் வேனும் மட்டும் தான் போகும், அதனால கூட்டமும் கம்மி. 2017ல தீவோட கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்தாங்க, நல்லது தான், ஆனா இப்ப லீவு நாள்ல பாருங்க, சுவர் மேல ஏறி செல்ஃபி, சாவியால பேர் கிறுக்குறது, கல்யாண ஜோடிய ஜன்னல் வளைவுல உக்கார வச்சு போட்டோஷூட், எதுவும் பாக்கி இல்ல.

அந்த சுவர் சாதா கல்லு இல்லைங்க, பவளப்பாறைய வெட்டி அடுக்கி சுண்ணாம்பு வச்சு கட்டுனது. கிட்ட போய் பாத்தீங்கன்னா கல்லுல சின்ன சின்ன ஓட்டையும் வரி வரியா பூ மாதிரி கோலமும் தெரியும், கைய வச்சு தேச்சா வெள்ளையா மாவு ஒட்டும். அந்த ஓட்டைக்குள்ள உப்புக்காத்து ஈரத்தோட போயி, வெயில்ல காய்ஞ்சு உப்பு பூத்து, கல்ல உள்ள இருந்தே உடைக்குது. இது மேல சிமெண்ட் பூசுனா ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பு உள்ளயே தங்கி, பூச்சு பளபளன்னு இருக்கும் போதே கல்லு பொடியாயிரும். ஒரு கல்லு போனா மாத்து கல்லு எங்க இருந்து கொண்டு வருவீங்க? பவளப்பாறைய 2001லயே வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல புலி இருக்குற அதே முதல் அட்டவணைல சேத்தாச்சு, புதுசா ஒரு கல்லு வெட்டுனாலும் கேஸ் தான். அப்ப கீழ விழுந்து கிடக்குற ஒவ்வொரு கல்லும் எவ்ளோ முக்கியம்னு நீங்களே பாத்துக்கோங்க.

இத அங்க சங்கு, பாசி மணி கடை போட்டிருக்குற அக்காங்களுக்கு யாரும் சொல்லி குடுக்கல, ஆனாலும் சர்ச்ச பாத்துக்குறது அவங்க தான். சுவர்ல ஏறுனா கடையில இருந்தே ஒரு சத்தம் விடுவாங்க, "தம்பி எறங்குப்பா, அது எங்க கோயிலு"ன்னு. அந்த அக்காங்கள்ல எல்லாரும் கிறிஸ்தவங்க இல்ல, அங்க யாரும் அந்த கணக்கு பாக்குறதும் இல்ல. விழுந்த கல்ல யாராவது நினைவுப்பொருள்னு பையில போட்டா வாங்கி சுவரோரமா திருப்பி வைக்கிறதும் இவங்க தான், மீன்பிடிக்க போற அண்ணன்மாரும் கூடமாட நிப்பாங்க. சம்பளம் கிடையாது, அடையாள அட்டை கிடையாது, ஆபீசருங்க வந்தா மட்டும் 'ஆக்கிரமிப்பு கடைய எடு'ன்னு இவங்கள தான் மொதல்ல விரட்டுறாங்க. எனக்கு கோவமே இதுல தான்.

வேலி போடுறது, போர்டு வைக்கிறது எல்லாம் கவர்மெண்ட் செய்யட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா மொதல்ல ஆடிட்டு நிக்கிற கல்ல சுண்ணாம்பு காரை வச்சு நிறுத்துங்க, அந்த வேலை தெரிஞ்ச கொத்தனாருங்கள கூப்பிடுங்க, டெண்டர் எடுத்தவரு கடல் மணலையும் சிமெண்டையும் கலந்து பூசிட்டு போற கதை வேணாம். காரைக்கு நல்ல தண்ணி வேணுமேன்னு கேப்பீங்க, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த மாதிரி தெரிஞ்சாலும் எந்த இடத்துல மணல தோண்டுனா கொஞ்ச ஆழத்துலயே குடிக்கிற தண்ணி ஊறும்னு அந்த ஊரு பொம்பளைங்களுக்கு அத்துப்படி, வருசக்கணக்கா அத குடிச்சு தான் இருக்காங்க. அவங்கள்ல சில பேர தினக்கூலிக்காவது காவலுக்கு போடுங்க. வெளியூர் செக்யூரிட்டி சேர் போட்டு உக்காந்து செல் பாப்பாரு, இவங்க பாக்குற மாதிரி பாக்க மாட்டாரு.

எங்க அப்பத்தா கல்யாணம் அந்த சர்ச்ல தான் நடந்துச்சு, போட்டோ ஒன்னு கூட மிஞ்சல, புயலோட போயிருச்சு. ஆனா அந்த காலத்துல ரயில்வேலயும் கஸ்டம்ஸ்லயும் இலங்கை தலைமன்னாருக்கு போன கப்பல்லயும் வேலை பாத்த குடும்பங்க இப்ப மதுரை, திருச்சி, சென்னைன்னு எங்கெங்கயோ இருக்கு. உங்க வீட்டு பழைய ஆல்பத்துல 1964க்கு முன்னாடி எடுத்த சர்ச் போட்டோ, கல்யாண போட்டோ, ஞானஸ்நான போட்டோ எது இருந்தாலும் ஒரு காப்பி எடுத்து இந்த பத்திரிகைக்கு அனுப்புங்க, பின்னாடி தெரியிற சுவரும் வளைவும் போதும், எந்த கல்லு எங்க இருந்துச்சுன்னு கொத்தனாரு அத வச்சு கண்டுபிடிச்சுருவாரு. ஆசிரியர் தயவு பண்ணி அதுக்கு பேப்பர்ல கொஞ்சம் இடம் ஒதுக்கணும்.

இப்படிக்கு,
ராமேஸ்வரம் தீவு வாசகர் ஒருவர்