நகல் வாங்கிவிட்டாயா?

செல்வத்துக்கு,

மாடி ஒழுகலை ஆள் வைத்துச் சரிசெய்தாயிற்று. வேறு விசேஷமில்லை. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ சட்ட உதவி வக்கீலாக நின்று வாதாடி, ஆயுள் தண்டனையில் முடிந்த அந்தக் கொலைக் கேஸைப் பற்றிக் கேட்க மாட்டேன். தீர்ப்பு நகல் வாங்கிவிட்டாயா, அதை மட்டும் சொல். தண்டனை ஆனவனுக்கு அதை உடனே இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். ஆயுள் தண்டனைக்கு ஹைகோர்ட்டில் அப்பீல் போட 60 நாள். உள்ளே இருப்பவனுக்கு அந்தக் கணக்கு தெரியுமா? ஜெயிலிலிருந்தே மனுப் போடலாம், ஹைகோர்ட்டிலும் சட்ட உதவியில் வக்கீல் கிடைப்பார் என்று யாராவது நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நீதான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

உன் பெரியப்பா வந்திருந்தார். "கொலைக் கேஸ்காரனுக்கு யார் வீட்டுக் காசு? நம் செல்வம் வெளிக்கேஸும் எடுக்கக் கூடாதாமே" என்றார். காவலில் இருப்பவனுக்கு இலவச வக்கீல் கொடுக்க வருமானமே பார்க்க வேண்டியதில்லை, 1987 சட்ட உதவிச் சட்டத்திலேயே இருக்கிறது என்றேன். உன்னைப் போல் முழுநேரச் சட்ட உதவி வக்கீல் வைக்கும் திட்டம் 2022-இல் வந்ததே ஒழுங்காக வாதாட ஆள் வேண்டும் என்றுதான். அவர் விடவில்லை. அனோகிலால் கேஸை எடுத்துச் சொன்னேன். மத்தியப் பிரதேசத்தில் அவனுக்குக் குற்றச்சாட்டு வனைந்த அன்றுதான் வக்கீலை நியமித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடிந்து தூக்கு. 2019-இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. ஆயுளோ தூக்கோ வரக்கூடிய கேஸுக்கு 10 வருஷமாவது பிராக்டிஸ் செய்தவரைத்தான் போட வேண்டும், தயாராக 7 நாளாவது தர வேண்டும் என்றது. பெரியப்பா காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்கு நீ இன்னும் 'அரசு வக்கீல்'தான். ஊருக்கே அப்படித்தான். உன் கட்சிக்காரனே முதலில் உன்னைப் போலீஸ் பக்கத்து ஆள் என்று நினைத்துப் பேச மறுத்தானே.

நான் கோர்ட்டில் டைப் அடித்த காலத்தில், கேஸ் கட்டு அன்று காலையில்தான் சட்ட உதவி வக்கீல் கைக்கு வரும். கூண்டுக்குப் போய் "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். சாட்சி சொல்லி முடிப்பார். 'குறுக்கு விசாரணை இல்லை' என்று அடித்துத் தாளை உருவுவேன். விரலுக்கே அந்த வரி பழகிப்போயிருந்தது. நீ இன்ஸ்பெக்டரை மத்தியானம் வரை கூண்டில் நிறுத்திவைத்துக் கேட்டாயாம், போலீஸ் சாட்சி வைத்து எழுதும் மகஜரில் போட்ட நேரமும் எஃப்.ஐ.ஆர். நேரமும் இடிக்கிறது என்று. கோர்ட் டவாலி மகன் சொன்னான். இதைக்கூட ஊரான் வாயால்தான் நான் கேட்க வேண்டுமா? பெற்றவளுக்கு ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அந்தக் கேள்விகள் எல்லாம் ரெக்கார்டில் இருக்கின்றன. அப்பீலில் வாதாடப்போகிறவருக்கு அதுதான் கைப்பிடி. அதற்குத்தான் நகல், நகல் என்கிறேன்.

நீ லீவு போட்டிருப்பதாகப் புனிதா சொன்னாள். உடம்புக்கா என்று கேட்டேன். உடம்புக்கில்லை அத்தை என்றாள். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கட்டைப் பிரிக்காதே. ஜெயிலுக்குப் போவதென்றால் தனியாகப் போகாதே, ஜூனியரைக் கூட்டிக்கொண்டு போ. 60 நாளில் எத்தனை கழிந்தது என்று எண்ணி வைத்துக்கொள்.

போன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு உன் சித்தி வருகிறாள், எதையும் பேச விடமாட்டாள்.

அம்மா