இருக்கிற பாட்டை அழித்து, இல்லாத பாட்டைக் காட்டும் உங்கள் மியூசிக் பிளேயர் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் அதற்கு மேலே பொறுப்பில் இருப்பவருக்கும்,

வணக்கம். இந்தக் கடிதத்தை யாராவது ஒருவர் உட்கார்ந்து கடைசி வரை படிக்க வேண்டும், அதுதான் என் முதல் வேண்டுகோள். இதற்கு முன் எழுதியதற்கெல்லாம் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று ஒரு மெயிலைத் தட்டிவிட்டு புகார் டிக்கெட்டை மூடிவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை. இப்போதும் பிளேயரைத் திறந்தால் பாதிப் பாட்டுக்குப் பக்கத்தில், ஃபைல் கிடைக்கவில்லை என்று காட்டும் அந்தச் சாம்பல் நிற ஆச்சரியக்குறி நிற்கிறது. அது என்ன குறி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் வைத்ததுதானே.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, கோயில் திருவிழா என்று வருடம் முழுக்க வேலை. காசு கட்டித்தான் உங்கள் பிளேயரை வாங்கினேன், இலவசப் பதிப்பு இல்லை. அதில் 14,000-க்கு மேல் பாட்டுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் அப்பா காலத்துக் கேசட்டுகளிலிருந்து நானே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஏற்றியவை. எந்தப் பாட்டு எந்தச் சடங்குக்கு, எந்த ஊர்க் கோயிலில் எதை முதலில் போட வேண்டும், எந்தப் பதிவில் நடுவில் கரகரப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்டார் போட்டு, குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். பாட்டு இருப்பது ஹார்டு டிஸ்கில். ஆனால் இந்தக் குறிப்பெல்லாம் இருப்பது உங்கள் லைப்ரரிக்குள், அதாவது பிளேயர் தனியாக வைத்திருக்கும் பாட்டுப் பட்டியலுக்குள். இந்த வித்தியாசம் உங்கள் கஸ்டமர் கேரில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பழைய ஹார்டு டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததால் எல்லாவற்றையும் எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்குக்கு மாற்றினேன். விண்டோஸ் கொடுத்த எழுத்துப்படி பழையது இ டிரைவ், புதியது ஜி டிரைவ். உங்கள் பிளேயர் புது இடத்தைத் தேடி எல்லாப் பாட்டையும் மறுபடி ஏற்றிக்கொண்டது, சரி. பழைய இ டிரைவ் பதிவுகளை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு பாட்டும் இரண்டு தடவை நிற்கிறது: ஒன்று பாடும், ஒன்று பாடாது. நான் எழுதிய குறிப்பும் ஸ்டாரும் பாடாததில் இருக்கின்றன. பாடுவதில் ஒன்றுமில்லை.

‘லைப்ரரியைச் சுத்தம் செய்’ என்று உங்கள் மெனுவிலேயே இருக்கிறதே, அதை அழுத்தினேன். அது செய்த வேலையைக் கேளுங்கள். இ டிரைவ் இப்போது இணைப்பில் இல்லையாம், அதனால் அதிலுள்ள பழைய பதிவுகளைத் தொடாதாம். அப்படியே விட்டுவிட்டது. ஜி டிரைவில் நன்றாக இருந்த பாட்டுகளில், தமிழில் பெயர் வைத்த ஃபைல்களை மட்டும் ‘காணவில்லை’ என்று தூக்கிவிட்டது. ஆங்கிலத்தில் பெயர் வைத்தது ஒன்றுகூடப் போகவில்லை. பிளேயர் எழுதி வைத்த லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது, தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள். விண்டோஸில் ஃபைல் பெயரில் கேள்விக்குறி வைக்கவே முடியாது. அப்படி ஒரு பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பாட்டைப் போடும் பகுதி தமிழைப் படிக்கிறது, சுத்தம் செய்யும் பகுதி படிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். எல்லா மொழி எழுத்தையும் கணினியில் வைப்பதற்கான பொதுத் தரம் யூனிகோடு, 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. காசு வாங்கிக்கொண்டு விற்கிற ஒரு மென்பொருள் இன்றைக்கும் தமிழ்ப் பெயரைப் பார்த்துத் திணறுவதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இதையெல்லாம் பொறுமையாகத்தான் உங்கள் ஆளிடம் சொன்னேன். அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன், இங்கே போடவில்லை, என் டிக்கெட்டைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். பாதியில் என்னை நிறுத்தி, “எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு மறுபடி ஏத்துங்க சார், பாட்டுதானே” என்றார். குறிப்பெல்லாம் போய்விடுமே என்றேன். “இவ்ளோ பாட்டு எல்லாம் ஒரிஜினலா சார்? முதல்ல அத சொல்லுங்க” என்றார். என்னைத் திருடன் என்கிறாரா? வீட்டில் பெட்டி பெட்டியாகக் கேசட் இருக்கிறது, சிடி இருக்கிறது, கடை கடையாக ஏறி அப்பா வாங்கியவை. கல்யாணத்திலும் கோயிலிலும் பாட்டுப் போடுவதற்குக் காப்புரிமைச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது, 52-ஆவது பிரிவை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் அவரை. நான் கேட்டது மென்பொருளில் உள்ள கோளாறைப் பற்றி. அதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசச் சொல்லித்தான் பயிற்சி கொடுக்கிறீர்களா?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதுகிறேன். அந்தப் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொருவர் மரியாதையாகத்தான் பேசினார். புது டிஸ்குக்கு இ என்ற எழுத்தையே கொடுத்துப் பாருங்கள் என்றார். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் மாற்றினேன். பழைய பதிவுகள் உயிர் பெற்றன, உண்மை. உடனே ஜி என்று ஏறியிருந்தவை எல்லாம் இல்லாதவையாக ஆகிவிட்டன. மறுபடி சுத்தம் செய்தால், ஜி இணைப்பில் இல்லை என்று அவற்றை விட்டுவிட்டு, இ டிரைவில் இருக்கும் தமிழ்ப் பெயர்களைத் தூக்குகிறது. இந்தத் தடவை என் குறிப்புகளோடு சேர்த்தே போய்விட்டன. இருபது வருட உழைப்பு சார் அது! ஒரே சொடுக்கில் போச்சு. ‘நீக்கட்டுமா’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, எதை நீக்கப்போகிறேன் என்று பட்டியல் காட்டவில்லை, திரும்பப் பெற வழியும் வைக்கவில்லை.

அப்புறம் அந்தத் திருச்சிப் பயணம். சிபியுவை எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்கு வாருங்கள், பார்த்துச் சரி செய்து கொடுப்பார்கள் என்று போனில் சொன்னது உங்கள் ஆட்கள். வைகாசி முகூர்த்த நேரம், ஒரு வேலையை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சிபியுவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். டோக்கன் போட்டு மத்தியானம் வரை உட்காரவைத்துவிட்டு, “இங்க ஸ்பீக்கர், ஹெட்செட் மட்டும்தான் பார்ப்போம், சாஃப்ட்வேர்னா நீங்க ஆன்லைன்லதான் கேக்கணும்” என்றார்கள். ஆன்லைனில் கேட்டதால்தானே அங்கே போனேன்! குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டுத்தான் கிடைத்தது. அந்த ஒரு நாள் கூலியை யார் தருவது?

இதைவிடப் பெரிய நஷ்டத்தை இன்னும் சொல்லவில்லை. பந்தநல்லூர்ப் பக்கம் ஒரு சின்னக் கல்யாணம். மேளம் வைக்க வசதியில்லாத வீடு, கெட்டிமேளம் ரெக்கார்டுதான். தாலி கட்டும் நேரம். ஐயர் கையைக் காட்டினார், நானும் அழுத்தினேன். ஒரே பெயரில் இரண்டு பதிவு, ஏறியது பாடாத பதிவு. ‘ஃபைல் கிடைக்கவில்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது, மண்டபமே என்னைத் திரும்பிப் பார்க்கிறது. அடுத்ததைத் தேடி அழுத்துவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் மாமா மேடையிலிருந்தே கத்தினார். அந்தக் கல்யாணத்துக்கு நான் கூலி வாங்கவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. அந்தப் பொண்ணுக்கு அந்த நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அழைப்பும் எனக்கு இல்லை. என் தொழிலே படுத்துவிட்டது.

இது செய்ய முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஃபூபார்2000 என்ற பிளேயர் இலவசம்தான், அதில் இல்லாத பாட்டுகளைப் பட்டியலிலிருந்து நீக்க மெனுவில் ஒரு வரி இருக்கிறது. லினக்ஸில் வரும் ரிதம்பாக்ஸ் காணாமல் போன ஃபைல்களைத் தனியாக ஒரு பட்டியலில் ஒதுக்கிக் காட்டுகிறது. காசு கொடுத்தவனுக்கு நீங்கள் அதைவிடக் குறைவாகவா கொடுப்பீர்கள்?

தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள். நீக்குவதற்கு முன் எவை போகப்போகின்றன என்று பட்டியலைக் காட்டுங்கள். இணைப்பில் இல்லாத டிரைவின் பதிவுகளையும் நான் விரும்பினால் நீக்க வழி கொடுங்கள். பாட்டு இருக்கும் டிரைவ் மாறினால், பழைய பாதையை ஒரே தடவையில் புதுப் பாதைக்கு மாற்றும் வசதி வேண்டும், ஸ்டாரும் குறிப்பும் கூடவே வர வேண்டும். தமிழ்ப் பெயர்களைச் சரியாகப் படிக்க வையுங்கள், இது எனக்கு மட்டுமில்லை, தமிழில் பெயர் வைக்கிற எல்லோருக்கும். சுத்தம் செய்வதற்கு முந்தைய லைப்ரரி ஃபைல் என்னிடம் ஒரு நகல் இருக்கிறது, ஆனால் உங்கள் இப்போதைய பதிப்பு அதைத் திறக்க மறுக்கிறது. உங்கள் பொறியாளர் ஒருவர் மனது வைத்தால் அதிலிருந்து என் குறிப்புகளை எடுத்துக் கொடுக்க முடியும். அதை முதலில் செய்யுங்கள், மற்றதற்குக் கொஞ்சம் காத்திருக்கிறேன்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் கட்டிய பணத்தையும் நஷ்ட ஈட்டையும் சேர்த்துக் கேட்பேன். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் இருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ‘தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று உங்கள் ஆள் சொன்னது தவறு. சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கிப் பயன்படுத்துகிறவனும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான்.

அந்த வழிக்குப் போக எனக்கு ஆசையில்லை. இந்தப் பிளேயர் எனக்குக் கை பழகியது, ஒழுங்காக ஓடினால் வேறு தேடமாட்டேன். லாக் ஃபைலையும், இரண்டு பதிவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் திரைப் படத்தையும், பணம் கட்டிய ரசீதையும் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் இதே மெயிலுக்கு அனுப்புங்கள். போனில் பேச வேண்டுமானால், என்னைத் திருடன் மாதிரி விசாரித்த அந்த நபர் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
பணம் கட்டிய உங்கள் வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்